‘ஜிங்ஸ்’ என்னுஞ் சொல்

ஆங்கிலத்திலே ‘ஜிங்ஸ்’ என்றொரு சொல் உண்டு. அது சபையிற் பேசுஞ் சொல் அன்று. சட்டப் புத்தகத்திலும் இடம்பெறாது. விளையாட்டு மைதானத்திலும் நண்பர் கூட்டத்திலும் வழங்குவது. பீடை, துரதிர்ஷ்டம், கிரகசாரம் என்று நாம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொல்வனவற்றை ஆங்கிலேயர் சிரித்துக்கொண்டு சொல்லும்போது இச்சொல்லாகிறது எனலாம். இப்பொழுது நம் மாணவர் வாயிலும் அது ஏறிவிட்டது. ‘ஜிங்ஸ் பண்ணாதே’ என்கிறார்கள். ‘அவன் ஒரு ஜிங்ஸ்’ என்கிறார்கள்.

பிறமொழிச் சொல்லைக் கண்டவுடனே கச்சை கட்டிக்கொண்டு புறப்படும் பண்டிதர் கூட்டத்திலே என்னையுஞ் சேர்த்துவிட வேண்டாம். பஸ்ஸும் பேனையும் வந்தன, தமிழ் செத்துவிடவில்லை. ஜிங்ஸ் என்பதன்மேல் எனக்குள்ள பகை அது ஆங்கிலமாயிருத்தல் பற்றியதன்று. காரணம் வேறு. அதைக் கூறுமுன் அச்சொல்லின் பிறப்பு வளர்ப்பைச் சிறிது பார்த்தல் நன்று.

அச்சொல் அச்சேறி வழக்குப் பெற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவிலே. பேஸ்போல் ஆட்டக்காரர் அதற்குச் செவிலித் தாயர். 1911ஆம் ஆண்டுச் சிக்காகோச் செய்தித்தாளொன்றில் அது காணப்படுகின்றது. அடுத்த ஆண்டில், நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியின் பேர்பெற்ற பந்தெறிவாளர் கிறிஸ்ரி மதியூசன் தம் ஆட்ட அநுபவங்களை நூலாக்கியபோது, ஜிங்ஸ்களுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அக்காலத்து ஆட்டக்காரர்களுக்கு வெறும் பீப்பாய் ஏற்றிய வண்டி எதிர்ப்பட்டால் நன்னிமித்தம். மாறுகண் உடையவர் எதிர்ப்பட்டால் தீநிமித்தம். படியிறங்கும்போது யார் எதிர்ப்படுகிறார் என்று பார்க்கும் நம் கிழவர்களை, கடல் கடந்த அந்த வாலிபர்கள் தம் இனத்தவர் என்று உடனே கண்டுகொண்டிருப்பார்கள்.

சொல்லின் வேரைப் பற்றி ஆங்கில அகராதிக்காரரிடையே வழக்கு உண்டு. 1868இலே பாடப்பெற்ற, ‘கப்டன் ஜிங்ஸ்’ என்னும் பாத்திரத்தைப் பற்றிய நகைச்சுவைப் பாட்டொன்றைக் காட்டுவார் சிலர். வேறு சிலர் ஒரு பறவையைக் காட்டுவர். எனக்குப் பறவையே பிடித்திருக்கிறது. மரங்கொத்தி இனத்தைச் சேர்ந்த அச்சிறு குருவி, பிடித்தாற் பாம்பைப்போலக் கழுத்தை முறுக்கித் திருப்பும், சீறவுஞ் செய்யும். கிரேக்கர் அதனை ‘இயுங்ஸ்’ என்றழைத்தனர். அதனைச் சிறு சக்கரமொன்றிற் கட்டிச் சுழற்றினால் விரும்பியவர் மனம் தம்பால் ஈர்க்கப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. மெடேயாவின் காதலைப் பெறுதற்கு யாசோனுக்குக் காதற் றெய்வமாகிய அப்பிரோடைற்றி இந்தக் குருவிச் சக்கரத்தைக் கொடுத்தாள் என்று பின்டார் என்னும் கிரேக்கப் புலவர் பாடியிருக்கிறார். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலே அக்குருவியின் பெயர் வசிய மந்திரம் என்ற பொருளில் வழங்கியது. இன்றும் பறவை நூலார் அதற்கு இட்டிருக்கும் இலத்தீன் பெயரின் முற்பகுதி அதுவே. இவ்வேர் மெய்யாயின், வசியம் செய்வினையாகிச் செய்வினை பீடையாகியது என்க. குருவியோ ஒரு குற்றமும் செய்ததில்லை. கழுத்தைத் திருப்பியது, அவ்வளவுதான். சக்கரத்திற் கட்டியவன் மனிதன்.

இனி, இச்சொல் இந்நாளில் எவ்வாறு வழங்குகின்றது? ஒரு துடுப்பாட்டக்காரர் 96 ஓட்டங்களில் நிற்கிறார். பக்கத்திலிருப்பவன், ‘சதம் நிச்சயம்’ என்கிறான். உடனே மற்றவன், ‘ஜிங்ஸ் பண்ணாதே’ என்று அவன் வாயைப் பொத்துகிறான். வரப்போகும் நன்மையை முந்திப் பேசினால் அது வாராதொழியும் என்பது கருத்து. இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருத்தியைக் கேளுங்கள். ‘நாவூறு’ என்பாள். நாவினால் வரும் ஊறு நாவூறு. கண்ணினால் வருவது கண்ணூறு. குழந்தை கொழுகொழுவென்றிருக்கிறது என்று அயலாள் சொல்லிவிட்டுப் போனால், அன்று பின்னேரமே செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றி அடுப்பிற் போடுவார்கள். வாய்ச்சொல்லுக்கு வலியுண்டென்ற நினைவு நமக்கு மிகப் பழையது. பாசறைக்குச் சென்ற தலைவன் மீள்வானோ என்றறிய, முதிய பெண்டிர் நெல்லும் மலருந் தூவி நற்சொற் கேட்க நின்ற விரிச்சிக் காட்சியை முல்லைப்பாட்டுப் படித்தவர் அறிவர். ஆகவே ‘ஜிங்ஸ் பண்ணாதே’ என்னும் மாணவன் தன் பாட்டியின் மொழியையே வேறு சட்டை போட்டுப் பேசுகிறான். இதில் எனக்குக் கோபமில்லை, சிறிது சிரிப்பே.

ஆசிரியர்களாகிய நாமுங்கூட இந்த நாவூற்றிலிருந்து தப்பியவர்களல்லோம். ‘பிள்ளையைப் புகழ்ந்தால் அடுத்த தவணையிற் புள்ளி இறங்கும், ஏசினால் ஏறும்’ என்று எத்தனை ஆசிரியர் நம்புகின்றனர்! அநுபவத்திற் கண்டது என்று சத்தியமுஞ் செய்வர். அவர்கள் கண்டது மெய். காரணம் மட்டும் பிழை. 1886ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் கோல்ற்றன் என்னும் ஆங்கிலேய அறிஞர், மிக நெடிய பெற்றோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோரளவு நெடியராவதில்லை, மிகக் குறியரின் பிள்ளைகள் அவ்வளவு குறியராவதுமில்லை, இருசாராரும் சராசரியை நோக்கி நகர்கின்றனர் என்று அளந்து காட்டினார். புள்ளியும் அப்படியே. ஒரு பிள்ளை 97 எடுக்கின்றதென்றால் அதிலே படிப்பும் இருக்கிறது. வினாத்தாள் வாய்ப்பாய் அமைந்ததும் இருக்கிறது. அடுத்த முறை படிப்பு நிற்கும், வாய்ப்பு நில்லாது. 89 வரும். நாம் புகழ்ந்தாலும் வரும். வாயைத் தைத்துக்கொண்டிருந்தாலும் வரும். 20 எடுத்த பிள்ளை அடுத்த முறை 30 எடுப்பதும் நம் ஏச்சின் மகிமையன்று.

அமெரிக்காவின் விளையாட்டு இதழொன்றின் அட்டையிலே படம் வெளிவந்தால் அந்த ஆட்டக்காரருக்குக் கேடு வரும் என்றொரு பெயர்பெற்ற ஜிங்ஸ் உண்டு. ‘ஸ்போட்ஸ் இலஸ்றேற்றட்’ என்னும் அவ்விதழின் முதல் வெளியீடு 1954 ஓகஸ்ற் மாதத்தது. அதன் அட்டையில் வந்த எடி மத்தியூஸ் சில நாட்களுக்குள் கையிற் காயம்பட்டு ஆட்டங்கள் சிலவற்றைத் தவறவிட்டார். அன்று தொட்டு அந்தப் பெயர் நிலைத்தது. ஆனால் ஒருவருடைய படம் அட்டைக்கு வருவது எப்பொழுது? அவர் தம் உச்சியில் நிற்கும்போது. உச்சியில் நிற்பவர்க்கு அடுத்த அடி எப்பக்கம் வைத்தாலும் இறக்கமே.

கிறிக்கெற்றிலும் இத்தகைய கதைகளுக்குப் பஞ்சமில்லை. 111 என்னும் எண்ணை ஆங்கிலேயர் ‘நெல்சன்’ என்பர். அவ்வெண்ணில் விக்கெற் விழும் என்று அஞ்சுவர். டேவிட் ஷெப்பேட் என்னும் ஆங்கில நடுவர், ஓட்ட எண்ணிக்கை 111ஐ அடைந்ததும் ஒற்றைக் காலைத் தூக்கித் துள்ளுவதை 1990களிற் கிறிக்கெற் பார்த்தவர்கள் மறந்திரார்கள். ஒரு கண், ஒரு கை, ஒரு கால் உடையவர் நெல்சன் தளபதி என்பது கதை. அவர் கண்ணொன்றின் பார்வையையும் கையொன்றையும் இழந்தது மெய். இரு கால்களும் கடைசிவரை அவரிடமே இருந்தன. எண்களின்மேலும் அட்டைகளின்மேலும் பழிபோடுவதால் யாருக்கும் நட்டமில்லை. 111 அழப்போவதில்லை.

சொல் மனிதன்மேல் ஏறும்போதுதான் கதை மாறுகிறது.

ஆங்கில மாலுமிகள் கப்பலுக்குக் கேடு கொண்டுவருபவன் என்று கருதியவனை ‘யோனா’ என்றழைத்தனர். விவிலியத்திலே புயலடித்தபோது சீட்டுப்போட்டுக் கடலில் எறியப்பட்ட யோனாவின் பெயர் அது. விவிலியத்து யோனாவாவது இறைவன் கட்டளையை மீறி ஓடியவர். தம்மை எறியும்படி தாமே சொன்னவர். அவர் பெயரைப் பெற்ற மாலுமிப் பையன்களுக்கு அந்தத் தெரிவும் இருந்ததில்லை. காற்று ஓய்ந்தது, மீன் படவில்லை, பாய் கிழிந்தது. ஒருவன்மேல் விரல் நீண்டது.

நம்மிடம் இந்த விரலுக்கு எத்தனை பெயர்! தரித்திரம் என்பது வடமொழியிலே வறுமை. வறுமை உற்றவனையே ‘தரித்திரம் பிடித்தவன்’ என்று வைவதற்கு அதை ஆயுதமாக்கினோம். சனி என்பது மெல்லச் செல்லும் ஒரு கோள். அது வானத்தைச் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு ஆகும்; மூன்று இராசிகளைக் கடக்கும் காலமே ஏழரைச் சனி. பன்னிரண்டில் மூன்று என்றால், எந்நேரத்திலும் மனித குலத்தில் நாலில் ஒரு பங்கு ஏழரைச் சனியிலேயே இருக்கின்றது. இவ்வளவு பொதுவான ஒன்றை, நமக்குப் பிடியாத ஒருவனைப் பார்த்துச் ‘சனியன்’ என்று ஒட்டிவிடுகிறோம்.

மூதேவியின் கதை இன்னும் இரங்கத்தக்கது. திருமகளுக்கு மூத்தவள் என்ற பொருளிலே மூத்த தேவி, மூதேவி. அவளே சேட்டை, அவளே தவ்வை, வள்ளுவர் அவளை முகடி என்றுங் கூறுவார். பல்லவரும் பாண்டியரும் ஆண்ட காலத்தில் அவளுக்குச் சிலை எடுத்து வழிபட்டனர். திருப்பரங்குன்றத்திலே 8ஆம் நூற்றாண்டிற் சேட்டைக்குக் கோயில் அமைத்த செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. ஒரு காலத்தில் விளக்கேற்றி வணங்கப்பட்டவளின் பெயர், இன்று விடிய எழும்பாத பெண்பிள்ளையை ஏசுவதற்கு மட்டும் பயன்படுகிறது. தெய்வம் போயிற்று; வசை நின்றது.

இச்சொற்களை இன்றைய படித்த இளைஞர் கூசுகின்றனர். ஒரு பெண்ணை மூதேவி என்று சொல்ல அவர்களுக்கு நாவெழாது. இது நாகரிகத்தின் ஏற்றமே. ஆனால் கூச்சம் சொல்லோடு நின்றதோ, பொருளையுந் தொட்டதோ என்பதே என் ஐயம். ஏனெனில், மூதேவி என்று சொல்லக் கூசும் அதே வாய், ஜிங்ஸ் என்று கூசாமற் சொல்கிறது.

பாடசாலைகளுக்கிடையே நடைபெறும் விவாதப் போட்டிகளுக்கு நான் நடுவராய்ச் செல்வதுண்டு. ஒரு பாடசாலையின் அணியிலே ஆற்றொழுக்காய்ப் பேசும் மாணவி ஒருத்தி இருந்தாள். அவ்வணி தொடர்ந்து மூன்று போட்டிகளில் தோற்றது. நான்காவதில் அவள் பெயரைக் காணவில்லை. அணித் தலைவனிடம் கேட்டேன். ‘அவள் ஒரு ஜிங்ஸ், ஐயா. அவள் வந்தால் நாங்கள் வெல்லமாட்டம்’ என்று சிரித்தான். தோற்ற அம்மூன்றில் இரண்டுக்குப் புள்ளியிட்டவன் நான். இரண்டிலும் அவள் புள்ளியே அணியில் மேலானது; இரண்டிலும் இறுதிப் பேச்சாளன் நேரத்தை மீறியதனால் அணி வீழ்ந்தது. அந்த இறுதிப் பேச்சாளன் என்னோடு சிரித்துக்கொண்டு நின்ற அணித் தலைவனேதான். நான்காவது போட்டியிலும் அவர்கள் தோற்றார்கள், நேரத்தையும் மீறினார்கள். அந்தப் பிள்ளை பின்னர் எந்த மேடையிலும் ஏறக் காணேன்.

சொல் இங்கே செய்த வேலையைப் பாருங்கள். தோல்விக்கு ஒரு காரணம் இருந்தது; திருத்தக்கூடிய காரணம். கடிகாரத்தைப் பார்த்துப் பேசினாற் போதும். ஜிங்ஸ் என்ற சொல் வந்து அந்தக் காரணத்தை மூடிற்று. ஒரு பிள்ளையின் வாயையும் மூடிற்று.

மற்றொன்று சொல்லவே தயக்கமாயிருக்கிறது. வேறொரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. மங்கள விளக்கேற்ற யார் யாரை அழைப்பது என்ற பேச்சு வந்தபோது, மூத்த ஆசிரியை ஒருவரின் பெயரை ஒருவர் சொன்னார். அவ்வம்மையார் போர்க்காலத்திற் கணவரை இழந்தவர். இளம் ஆசிரியர் ஒருவர், நல்ல படிப்பாளி, ‘அவவை விடுங்கோ, பிறகு விழாவே ஜிங்ஸ் ஆகிப்போடும்’ என்றார். சிலர் சிரித்தனர். நான் அவரைத் தனியே கேட்டபோது, ‘ஐயா, சும்மா பகிடிக்குத்தானே சொன்னனான்’ என்றார். பகிடிதான். ஆனால் விளக்கேற்றுவோர் பட்டியலில் அந்த அம்மையாரின் பெயர் இடம்பெறவில்லை.

முழுவியளம் என்பது நம் பழஞ்சொல். புறப்படும்போது முதல் எதிர்ப்படுபவரால் வரும் நன்மை தீமை. கைம்பெண் எதிர்ப்பட்டால் முழுவியளம் சரியில்லை என்று திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போன தலைமுறையை நான் கண்டிருக்கிறேன். அந்த இளம் ஆசிரியர் முழுவியளம் என்ற சொல்லை வாயால் உச்சரிக்கமாட்டார். அது பட்டிக்காட்டு வழக்கு என்பார். 2009இல் முடிந்த போரின்பின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பெண்கள் கணவரின்றி வாழ்கின்றனர். பிள்ளைகளை வளர்க்கின்றனர், வகுப்பெடுக்கின்றனர், வயல் செய்கின்றனர். அவர்கள் மணவறையின் பின்வரிசையில் ஒதுங்கி நிற்பதற்குப் பழைய சொற்களே போதுமாயிருந்தன. புதிதாய் ஒன்றை, அதுவுஞ் சிரித்துக்கொண்டு சொல்லத்தக்க ஒன்றை, நாம் இறக்குமதி செய்ய வேண்டுமா?

‘விளையாட்டுச் சொல்லைப் பண்டிதர் இவ்வளவு பெரிதாக்கலாமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். விளையாட்டுச் சொல் என்பதே என் முறைப்பாடு. மூதேவி என்று ஒருவன் ஏசினால், ‘அப்படிச் சொல்லாதே’ என்று தடுக்க ஒருவராவது எழுவர். ஜிங்ஸ் என்றாற் சிரிப்பு எழுகிறது. சிரிப்பவர் நடுவில் ஏசப்பட்டவருந் தாமுஞ் சிரிக்க வேண்டியவராகிறார்.

ஆங்கிலத்தின்மேற் பழி சுமத்துகிறேன் என்று யாரும் எண்ணற்க. அதே ஆங்கிலத்தில் ‘ஹாட் லக்’ என்றொரு தொடரும் உண்டு. நம் மைதானங்களில் அது நெடுங்காலமாய் வழங்குகின்றது. மயிரிழையிற் பந்து தப்பியவனைப் பார்த்து எதிரணிக்காரனே தோளிற் தட்டி ‘ஹாட் லக், மச்சான்’ என்கிறான். எவ்வளவு பண்பான சொல்! உனக்கு நேர்ந்தது கெட்ட வாய்ப்பு, நீ கெட்டவனல்லை, அடுத்த பந்து இருக்கிறது என்பதெல்லாம் அதனுள் அடங்கும். ஒன்று தீமையை நிகழ்ச்சியாகக் காண்கிறது; மற்றது தீமையை ஆளாகக் காண்கிறது. முன்னதை இரு கையாலும் வரவேற்கிறேன்.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். அதிர்ஷ்டம் என்பது வடமொழியிலே ‘காணப்படாதது’ என்ற பொருளது. நன்மையும் அன்று, தீமையும் அன்று. வள்ளுவர் ஆகூழ், போகூழ், இழவூழ் என்று பகுத்தார். அவை ஊழின் பெயர்கள், மனிதரின் பெயர்களல்ல. இழவூழ் ஒருவனை வந்து அடையும். ஒருவன் இழவூழ் ஆகான். ஆள்வினையுடைமை அதிகாரத்தில் ‘பொறியின்மை’ என்றொரு சொல்லை ஆண்டிருக்கிறார். நல்லூழ் வாய்க்கப் பெறாமை என்பது பொருள். அது யார்க்கும் பழியாகாது. அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்கிறார். விவாத அணித் தலைவனுக்கென்றே எழுதினாற் போலிருக்கிறது. அந்த அதிகாரத்தை மாணவர்க்குப் படிப்பிக்கும்போது இச்சொல்லைப் பதவுரையோடு கடந்துவிடுகிறோம். ‘பழியன்று’ என்பதிலே ஒரு வகுப்பு முழுவதும் நின்று பேசலாம்.

அண்மையில் ஆங்கில ஆசிரியர் ஒருவர், மாணவர்க்கான சொற்பட்டியல் ஒன்றுக்காக, ஜிங்ஸ் என்பதற்குத் தமிழ் கேட்டு எழுதியிருந்தார். வாக்கியங்கள் மூன்றுந் தந்திருந்தார். நன்மையை முந்திப் பேசிக் கெடுத்தல் என வரும் முதல் வாக்கியத்துக்கு ‘நாவூறு’ என்று எழுதினேன். ஓர் அணி தொடர்ந்து தோற்பதைக் கூறும் இரண்டாவதற்குக் ‘காலக்கேடு’ போதும் என்றேன். மூன்றாவது வாக்கியம், ‘அவள் ஒரு ஜிங்ஸ்’ என்பது. அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல், வெறுமையாய் விட்டு அனுப்பினேன்.